கேட்கவில்லை

இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான் எனக்கு வேலை.
லொறிகள் நிற்க வேணும்.
டைக் வீதியில் கடலும் கொஞ்சம்
குரலைத் தாழ்த்த வேணும்.
இரும்புக் கோலின் ஒரு நுனி வால்வின் மேல்,
மறு நுனி என் காதில்.
தாருக்கு மூன்றடி கீழே கசிவு பேசும்.
சிலது சீறும். சிலது முனகும்.
உவர்மண்ணில் ஊறிய பழைய வார்ப்பிரும்பு
உடையப்போகும் கிழமையில்
விக்கல் எடுக்கும்.
பதினெட்டு வருசம். என் காது
அநேகமாகப் பிழைத்ததில்லை.

ஜசிந்தாவுக்குச் சிறுநீரகக் கல் என்றுதான் போனோம்.
கல் இருந்தது. ஐந்து மில்லிமீற்றர். அற்பம்.
படத்தின் வேறொரு மூலையில் விரலை வைத்து
டொக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"மண்ணீரலுக்குப் போற நாடி. இதில ஒரு புடைப்பு."
ரெண்டரை சென்றிமீற்றர்,
நெல்லிக்காய் அளவென்று விரல் மடித்துக் காட்டினார்.
எத்தனை பிள்ளைகள்?
நாலு.
ம் என்று எழுதிக்கொண்டார்.
பிள்ளை சுமக்கும் மாதங்களில்
ரத்தம் பெருகி ஓடுமாம்,
நாடியின் சுவர் இளகுமாம்.
நாலு முறை.
கடைசிப் பிள்ளைக்கு நான்
சீனன்குடாவில் மெயின் லைன் உடைந்ததென்று
விடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவன்,
காற்சட்டை முழங்கால்வரை சேறு.

நோவு இருந்ததா?
இல்லை.
இருக்காது, என்றார். அது ஒன்றும் சொல்லாது.
வெடித்தால்தான் சொல்லும்.

சொல்லாத குழாயை நான் கண்டதில்லை.

அன்றிரவு அவள் தூங்கியபின்
இடது விலாவுக்குக் கீழே காதை வைத்தேன்.
பாணும் சம்பலும் செரிக்கிற களேபரம்.
அதன் பின்னால் இதயம்,
குடாவுக்கு அக்கரை மாவாலை மாதிரி.
அதற்கும் பின்னால்
மூச்சைப் பிடித்துக் கேட்டேன்,
ஒன்றுமில்லை.
"என்ன, நான் மெயின் லைனோ?"
கண் திறக்காமலே கேட்டாள்.
"கோலையும் எடுத்துக்கொண்டு வாவன்."
வயிறு குலுங்கச் சிரித்தாள்.
சிரிக்காதே என்று கத்திவிட்டேன்.
பிறகு இரண்டு பேரும் முகட்டைப் பார்த்தபடி கிடந்தோம்.

கொழும்பில் திகதி கிடைக்க மூன்று கிழமை.
அவள் வாளி தூக்கினால் பறித்தேன்.
தும்மினால் ஓடிவந்தேன்.
வேகத்தடையில் ஓட்டோ குலுங்கியதற்கு
நசூர்தீனைக் கெட்ட வார்த்தையால் ஏசினேன்.
பாவம், ஒன்றும் தெரியாத மனிசன்.
அவளோ வழமைபோல
சூரைக்கு விலை பேசினாள்,
மூத்தவளின் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்.
ஒருநாள் நூலைப் பல்லால் கடித்து நிறுத்தி,
"நெல்லிக்காய் எண்டா
பெருநெல்லியோ, அருநெல்லியோ?" என்றாள்.
எனக்குத் தெரியவில்லை.
அதைக் கேட்க மறந்திருந்தேன்.

தொடையடியால் மெல்லிய குழாய் விட்டு
புடைப்புக்குள் பிளாட்டினச் சுருளை
நிறைத்தார்கள்.
திருத்தவில்லை. அடைத்தார்கள்.
அப்ப மண்ணீரல்? என்று கேட்டேன்.
இரைப்பைப் பக்கத்தால் சின்னச் சின்னக் கிளைகள் வரும்,
அது காணும் என்றார் மீசை முளைக்காத டொக்டர்.
நான் ஒரு வால்வை மூடினால்
மட்டிக்களி முழுக்க வாளியோடு வந்து நிற்கும்.
அவளுக்குள்ளே
ஒருத்தரும் வாளியோடு வரவில்லை.

நேற்று மறுபடி வேலைக்குப் போனேன்.
கோட்டைப் பக்கத்து வால்வு. ஒரு மணி.
தெருவிளக்கின் கீழே மான் ஒன்று
பொலித்தீன் பையை மென்றபடி என்னையே பார்த்தது.
கோலில் ஒரு சத்தமும் இல்லை.
முன்பென்றால் கொப்பியில் 'சரி' என்று போட்டு
அடுத்த வால்வுக்கு நடந்திருப்பேன்.
முழங்கால் நோகும்வரை குனிந்து நின்றேன்.
மான்கூடப் போய்விட்டது.

'சரி' என்று எழுதக் கை வரவில்லை.
'கேட்கவில்லை' என்று எழுதினேன்.